விமான விளக்குக்கு ஒரு மூடி

பிளாஸ்டிக் தகடு வேலை என்று சொன்னால் ஊரில் யாருக்கும் புரிவதில்லை. பெங்களூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், "தம்பி பெங்களூர்ல குடம், வாளி போடுற கம்பெனில இருக்காப்ல" என்றுதான் பெரியப்பா அறிமுகம் செய்து வைப்பார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். உண்மையில் நான் செய்வது மெஷின்களுக்கான கண்ணாடிக் கதவு. கண்ணாடி மாதிரி தெரியும், ஆனால் கண்ணாடி இல்லை. மாத்திரை அட்டை போடும் மெஷின், பிஸ்கட் பாக்கெட் மடிக்கும் மெஷின் இதற்கெல்லாம் உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும், ஆனால் யாருடைய விரலும் உள்ளே போகக் கூடாது. பீன்யாவில் உட்கார்ந்துகொண்டு அந்த மாதிரிக் கதவுகளை வரைந்து, வெட்டி, வளைத்து அனுப்புகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பிழைப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு விமானத்துக்குப் பொருள் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஒரு சார் இருக்கிறார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கன்னடக்காரர், ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார் (பெங்களூரில் பழைய ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான்). ரிட்டயர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், அசோசியேஷன் மீட்டிங்கில் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போடுவார்கள். இவர் இது எதையும் செய்யாமல் தொட்டபள்ளாப்பூர் ரோடு பக்கம் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். பொம்மை விமானம் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற அலுமினிய விமானம். அமெரிக்காவிலிருந்து வரைபடம் வாங்கி, ஏழு வருஷமாக ரிவெட் ரிவெட்டாக அடித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படி ஒரு பழக்கம் உலகத்தில் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இது பெரிய சமாச்சாரம். 1953-லேயே இதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்து, ஆஷ்கோஷ் என்ற ஊரில் வருஷா வருஷம் திருவிழாவே நடத்துகிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவர் தன் ஆர்வத்துக்காகவும் கற்றுக்கொள்வதற்காகவும் செய்திருந்தால் அதைத் தனி வகையாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் ஆட்கள் குறைவு, கையெழுத்துகள் அதிகம். மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட் மொட்டை மாடியில் வைத்து ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி, பல வருஷம் நடையாய் நடந்து 2017-ல் டிஜிசிஏ பதிவு வாங்கியது பேப்பரில் எல்லாம் வந்தது. எங்கள் சார் அந்தச் செய்தியை வெட்டி ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

2023 பிப்ரவரி என்று நினைவு. லிஃப்டில் பார்த்தவர், "உன்கிட்ட ஒரு சின்ன வேலை இருக்குப்பா. ரெண்டு டப்பா மூடி செய்யணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால், இறக்கையின் முன்விளிம்பில் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு ஓட்டை. உள்ளே லேண்டிங் லைட் உட்காரும். அந்த ஓட்டையை மூட, வெளிச்சம் போகிற மாதிரி ஒரு மூடி. முப்பது சென்டிமீட்டர் அகலம், வளைந்து மேலும் கீழும் போகும் உயரத்தைச் சேர்த்து அளந்தால் இருபது.

டப்பா மூடிதான். ஆனால் அந்த மூடி இருக்கிற இடத்தைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்புதான் காற்றை முதலில் சந்திக்கிற இடம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நேருக்கு நேர் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 190 கிலோ எடை வைத்த மாதிரி. நம் மூடியின் நேர்முகப் பரப்பு முப்பதுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சின்ன அரிசி மூட்டையை மூடிமேல் வைத்துக்கொண்டே பறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது போக மழைத்துளி, பூச்சி, ரன்வேயில் கிளம்பும் கல். இறக்கையின் வடிவத்திலிருந்து மூடி பிசகினால் காற்றோட்டமும் அங்கே கெடும். பிய்த்துக்கொண்டு போனால், நேர் பின்னால் இருப்பது வால். புரொப்பெல்லர் பின்னால் இருக்கிற வகை விமானமாக இருந்தால் இன்னும் மோசம், முன்னால் கழன்றது எதுவும் அதில் போய்த்தான் அடிக்கும்.

"நைட்ல பறக்கவே விடமாட்டாங்களே சார், அப்புறம் லைட் எதுக்கு?" என்று கேட்டேன். கண்ணால் பார்த்துப் பறக்கிற சின்ன விமானங்களுக்கு இங்கே சூரியன் மறைந்த பிறகு பொதுவாக அனுமதி கிடையாது. அவர் சொன்ன பதில் எனக்குப் புதுசு. லேண்டிங் லைட் நாம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, நம்மைப் பார்ப்பதற்கும்தான். பகலில்கூட எரியவிட்டு இறங்கினால், எதிரே வருகிற இன்னொரு விமானத்துக்கு நாம் முன்கூட்டியே தெரிவோம். இறக்கை நுனியில் இருக்கும் விளக்குகளும் அப்படித்தான். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் மூக்கிலிருந்து ஆளுக்கு 110 டிகிரி, மிச்சம் 140 டிகிரி வெள்ளைக்கு. எந்த நிறம் தெரிகிறது என்பதை வைத்தே அவன் வருகிறானா போகிறானா என்று சொல்லிவிடலாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும், கப்பலிலும் அதே சிவப்பு இடம், பச்சை வலம்தான்.

ஆக, மூடி மங்கினாலோ மஞ்சளடித்தாலோ அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதியில் ஒரு வரி இருக்கிறது: விளக்கு மூடி லேசில் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும், சாதாரண உபயோகத்தில் நிறமோ வடிவமோ மாறக் கூடாது, சொல்லிக்கொள்ளும்படி வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது. வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் மூடி செய்கிறவனுக்கு இதைவிடச் சுருக்கமான லட்சணம் கிடைக்காது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "அந்த மூடி கழண்டு ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" மெஷின் கதவு உடைந்தால் மெஷின் நிற்கும். இது நிற்கிற பொருள் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி, ஆனால் என் இஷ்டப்படிதான் சோதிப்பேன், அவசரப்படுத்தக் கூடாது என்று சாரிடம் சொன்னேன். ஏழு வருஷம் ரிவெட் அடித்தவருக்கு அவசரம் என்ன. ஆனால் அவரிடம் வேறு ஒன்று இருந்தது. பிடிவாதம்.

ஷெட்டில் ஒரு மூலையில் பாலிகார்பனேட் தகடு இருந்தது. யாரோ கூரை போட்டது போக மீந்த துண்டு, மூன்று மில்லிமீட்டர். அதை எடுத்துத் தரையில் போட்டு, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டினார். பள்ளம் விழுந்தது, உடையவில்லை. "இதை விட என்ன வேணும்? சூடுகூடப் பண்ண வேண்டாம், அப்படியே வளைச்சு ஸ்க்ரூ போட்டுடலாம். நிறையப் பேர் இப்படித்தான் பண்றாங்க." நிறையப் பேர் அப்படிச் செய்வது உண்மை. அதில்தான் எனக்குச் சண்டை.

எடுத்த எடுப்பில் கண்ணாடியைத் தள்ளிவிட்டோம். எடை பிளாஸ்டிக்கைவிட இரண்டு மடங்கு, வளைப்பது பெரும்பாடு, உடைந்தால் கத்தி. மிச்சம் இருப்பது மூன்று: அக்ரிலிக், பாலிகார்பனேட், பெட்ஜி.

அக்ரிலிக்கை பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்று கம்பெனிப் பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடை போர்டு, மீன் தொட்டி, ஆபீஸ் மேஜையில் பெயர்ப் பலகை எல்லாம் அதுதான். 1930-களில் சந்தைக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் கூண்டாக மாறியது. இதில் ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் போக மனசு வரவில்லை. குண்டடிபட்டு அந்தக் கூண்டு சிதறும்போது, துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்த் தங்கிவிட்டன. ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் கவனித்தது என்னவென்றால், சாதாரணக் கண்ணாடித் துண்டு மாதிரி இது கண்ணைப் புண்ணாக்கவில்லை, சும்மா கிடந்தது. அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன என்று யோசித்து, 1949-ல் செய்தும் காட்டினார். புரை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கிற ஆபரேஷன் அங்கே ஆரம்பித்தது. அந்த லென்ஸை ஏழைகளுக்கும் கட்டுப்படியாகிற விலையில் செய்வதற்கு 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆரோலேப் ஆரம்பித்தார்கள். என் அம்மாவின் வலது கண்ணில் இருப்பதும் அக்ரிலிக் லென்ஸ்தான். பெரியப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும், குடம் வாளியிலிருந்து ஒரு படி மேலே ஏறுவேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அக்ரிலிக் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 92 சதவீதத்தை அந்தப் பக்கம் விடும். மிச்சம் 8 எங்கே போகிறது என்றால், முன்பக்கத்தில் நாலு, பின்பக்கத்தில் நாலு என்று பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. அதாவது தகட்டுக்குள்ளே ஏறக்குறைய ஒன்றும் வீணாவதில்லை. பாலிகார்பனேட் 88 பக்கம் விடும். இந்த நாலு சதவீத வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதற்காக ஒன்றை எடுத்து ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை. புதுசாக இருக்கும்போது எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

அதற்கு பதில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலேயே இருந்தது. பத்து வருஷம் வெயிலில் நின்ற கார் எதையாவது பாருங்கள், ஹெட்லைட் மஞ்சளாக, புகை படிந்த மாதிரி இருக்கும். அது பாலிகார்பனேட். தொழிற்சாலையில் அதன்மேல் ஒரு கெட்டிப் பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்ததும் வெயிலின் புற ஊதாக் கதிர் வேலையைக் காட்டிவிடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் நாலு மாதம் பளபளக்கும், அப்புறம் முன்னைவிட மோசம். சாரை அழைத்துப் போய் பி-பிளாக் மாமாவின் பழைய காரைக் காட்டினேன். "பூச்சு போட்ட தகடு வாங்கலாமே" என்றார். வாங்கலாம். ஆனால் கீறல் விழாமல் இருக்கக் கெட்டிப் பூச்சு போட்ட தகட்டைச் சூடாக்கி வளைத்தால் பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். புற ஊதாவுக்கு மட்டும் தடுப்பு அடுக்கு வைத்த வகை வளையும், ஆனால் கீறல் விழும். இறக்கையின் முன்விளிம்பில் தூசியும் பூச்சியும் அப்பாமல் இருக்கப் போவதில்லை, துடைக்காமலும் இருக்க முடியாது.

பெட்ஜி என்பது தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வளைப்பதற்கு இதைவிட சுலபமானது கிடையாது. அதே குணம்தான் அதற்கு எமன். எண்பது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

வாயால் பேசித் தீராது என்று தெரிந்ததும், மூன்றிலும் கீற்றுக் கீற்றாக வெட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, குளிரக் குளிர வளைத்து, இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன், சார் சொன்ன மாதிரியே. அதே பொருளில் இன்னொரு கீற்றைச் சூடாக்கி அதே வளைவுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஆறவிட்டு, இழுப்பில்லாமல் பொருத்தினேன். மார்ச்சில் வைத்தது அக்டோபர் வரை இருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்த நேரம், பக்கத்திலேயே வடாம் காய்ந்தது. "காக்கா ஓட்டறதுக்கு பளபளன்னு நல்லா இருக்குடா" என்றார்.

வெயில் காட்டியதைவிட ஒரு துணியும் கொஞ்சம் பெட்ரோலும் அதிகம் காட்டின. விமானத்தில் பெட்ரோல் டாங்க் பெரும்பாலும் இறக்கைக்குள்ளேதான். நிரப்பும்போது சிந்தினால் முன்விளிம்பு வழியாகத்தான் வழியும். சார் முன்னிலையில், குளிரில் வளைத்த பாலிகார்பனேட் கீற்றின் முதுகில் பெட்ரோல் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் குறுக்கே கோடு கோடாக விரிசல் விட்டது. சுத்தியலுக்கு அசையாத அதே தகடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்ரிலிக் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. குளிரில் வளைத்த அக்ரிலிக் கீற்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் வெள்ளி முடி மாதிரி மெல்லிய கோடுகள் நூற்றுக்கணக்கில் எழும்பின. கையால் தடவினால் தெரியாது, வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தால் மின்னும். லேண்டிங் லைட் எரியும்போது அத்தனையும் எரியும். ஆனால் சூட்டில் வளைத்து ஆறவைத்த அக்ரிலிக் கீற்றில் அதே ஸ்பிரிட்டைப் போட்டால் ஒன்றுமே ஆகவில்லை. எனக்கு வேலை இடத்தில் இது தெரிந்த விஷயம்தான். ஆனால் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது. பொருளின் பெயரைவிட, அந்தப் பொருளுக்குள் எவ்வளவு இழுப்பைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். குளிரில் வளைத்துத் திருகிய தகடு வெளியே அமைதியாக இருக்கும். உள்ளே அது எப்போதும் நிமிரத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சொட்டு பெட்ரோல், தப்பான ஒரு கிளீனர், கூர்மையான ஒரு ஓட்டை போதும்.

அக்டோபரில் இறக்கியபோது, தடுப்பு அடுக்கில்லாத அந்தக் கூரைத் துண்டு லேசாக மஞ்சள் கட்டியிருந்தது. வெள்ளைத் தாள்மேல் வைத்தால்தான் தெரியும், ஆனால் தெரிந்தது. அக்ரிலிக் போட்டபடி இருந்தது. பெட்ஜிக்கு வெயில் சோதனை வரை போகவே வேண்டியிருக்கவில்லை. சாரிடம் முதலில் இருந்தது 100 வாட் ஹாலஜன் பல்பு. ஷெட்டில் மூடிக்குப் பின்னால் அதை எரியவிட்டு நின்றோம், பெட்ஜி சில நிமிஷத்தில் அப்பளம் மாதிரி தொய்ந்துவிட்டது. பறக்கும்போது காற்று வந்து குளிர்த்திவிடும், கவலை இல்லை. தரையில் நின்று காத்திருக்கும்போது எரிந்தால்தான் ஆபத்து. அன்றைக்கே ஹாலஜனைத் தூக்கிவிட்டு எல்இடி போடுவது என்று முடிவானது. எல்இடி வந்த பிறகு சூடு ஒரு பிரச்சினையாகவே இல்லை, அக்ரிலிக்குக்கு எதிராக இருந்த பெரிய வாதமும் போய்விட்டது.

இதற்கு நடுவில் ஒருநாள் சாரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டில் சுண்டல், ஏதோ பூஜைப் பிரசாதம். என் மனைவியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார். "நீங்க பண்றதுதான் முன்னாடி இருக்குமாமே?" ஆமாம் அம்மா என்றேன். "ரெண்டாவது சீட் எனக்குன்னு சொல்லிட்டிருக்கார். ஏழு வருஷமா வேண்டாம்னு சொல்லிப் பார்த்துட்டேன். கெட்டியா பண்ணிக் குடுங்க." அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அந்த வேலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

கடைசியில் சாருக்கும் எனக்கும் பாதிப் பாதி ஜெயம். முன்விளிம்பு மூடி இரண்டும், இறக்கை நுனி மூடிகளும் வார்ப்பு அக்ரிலிக். வயிற்றுக்கு அடியில் இருக்கும் ஸ்ட்ரோப் விளக்குக்குப் பாலிகார்பனேட், தடுப்பு அடுக்கு உள்ளதாக, முறையாகச் சூட்டில் வளைத்து. சக்கரம் கிளப்பும் கல் அங்கேதான் அடிக்கும், வெயிலும் படாது, பெட்ரோலும் எட்டாது. சுத்தியல் வாதம் அந்த இடத்துக்குச் சரியான வாதம். நிறம் எதற்கும் சேர்க்கவில்லை. எல்இடியே சிவப்பாகவும் பச்சையாகவும் எரிகிறது, மூடி நிறமில்லாமல் இருந்தால் போதும்.

வார்ப்பு அக்ரிலிக் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடையில் இரண்டு வகை இருக்கும். பிதுக்கித் தள்ளிச் செய்த தகடு விலை குறைவு, கனம் ஒரே சீராக இருக்கும், போர்டு எழுதுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் விரிசலுக்கு சீக்கிரம் இளகிக் கொடுக்கும். அச்சில் ஊற்றி வார்த்த தகடு அதைவிடத் தாங்கும். சிட்டி மார்க்கெட் பக்கம் நாலு கடையில் கேட்டேன், மூன்று கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்று இல்லை. கடைக்காரர் வார்த்தையை நம்பாமல், ஒட்டியிருக்கிற தாளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

வளைத்தது எங்கள் பட்டறை அடுப்பில், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இறக்கையின் நிஜ முன்விளிம்பிலிருந்தே பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதன்மேல் மெத்தென்ற ஃபிளானல் துணி சுற்றினோம். துணி இல்லாவிட்டால் அச்சின் ஒவ்வொரு பொடியும் மூடியில் பதிந்துவிடும். வார்ப்பு அக்ரிலிக் முதல் தடவை சூடாகும்போது நீளத்திலும் அகலத்திலும் சுமார் இரண்டு சதவீதம் சுருங்கும், அதனால் பெரிதாகவே வெட்டினேன். ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, 170 டிகிரியில் வைத்தால், சிறிது நேரத்தில் ரப்பர் ஷீட் மாதிரி துவண்டு வரும். இரண்டு பேர் பருத்திக் கையுறையோடு எடுத்து அச்சின்மேல் போர்த்தி, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் விரல் பட்டால் போச்சு. நன்றாக ஆறிய பிறகு ஓரம் வெட்டி, ஓட்டை போட்டு, மறுபடி 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் காலை வரை விட்டோம். வெட்டும்போதும் துளைக்கும்போதும் உள்ளே ஏறிய இழுப்பு அந்த ராத்திரியில்தான் இறங்கும். இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், பார்க்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாதே.

ஓட்டை போடுவது தனிக் கலை. இரும்புக்கு வைத்திருக்கும் டிரில் பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுத்து, மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். முனை கூர்மையாக, 60 டிகிரிக்குத் தீட்டிய பிட், அடியில் ஒரு மரக்கட்டை, அவசரமில்லாத கை. ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மழமழவென்று ஆக்க வேண்டும், எல்லா விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். டிசம்பர் காலைக் குளிரில் இதைச் செய்யாதீர்கள், குளிர்ந்த அக்ரிலிக் கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். ஸ்க்ரூ நாலு மில்லிமீட்டர் என்றால் ஓட்டை ஐந்து. காரணம் கணக்கில் இருக்கிறது. விடிகாலைக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் இறக்கையின் சூடு நாற்பது டிகிரி ஏறினால், முப்பது சென்டிமீட்டர் அக்ரிலிக் 0.8 மில்லிமீட்டர் நீளும், அடியில் இருக்கும் அலுமினியம் 0.3 கூட நீளாது. மிச்சம் அரை மில்லிமீட்டருக்கு இடம் விடாவிட்டால், அது தானே இடம் உண்டாக்கிக்கொள்ளும். தலை பதிகிற கூம்பு ஸ்க்ரூ வேண்டாம், ஆப்பு மாதிரி பிளந்துவிடும். தட்டைத் தலை, அடியில் ரப்பர் வாஷர், இறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் விட வேண்டும். "இவ்வளவு லூஸா?" என்று சார் பதறினார். ரிவெட் அடித்த கை, அப்படித்தான் பதறும்.

மூடிக்கும் உலோகத்துக்கும் நடுவே வைக்கும் பட்டையிலும் கவனம் தேவை. ஒயர் மேல் இருக்கிற மாதிரி மெத்தென்ற பிவிசி வேண்டாம், அதை இளக வைக்கப் போட்டிருக்கும் எண்ணெய் மெல்ல ஊறி அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டையும் கெடுக்கும். வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, வாசமில்லாத வகை வாங்க வேண்டும். கீழே ஒரு சின்ன ஓட்டை, உள்ளே கோக்கும் ஈரம் வடிய. ஸ்க்ரூ கழலாமல் இருக்க விடுகிற பசை ஒன்று இருக்கிறதே, அது பாலிகார்பனேட்டில் பட்டால் பெட்ரோல் பட்ட கதைதான். ஒரு மெக்கானிக் பழக்க தோஷத்தில் அதை எடுத்து வந்தபோது சார் அவர் கையைப் பிடித்துவிட்டார். மொட்டை மாடி வேலை செய்திருந்தது.

மூடிகள் போன டிசம்பரில் ஏறின. விமானத்துக்கு டிஜிசிஏ பர்மிட் இன்னும் வரவில்லை, ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று சார் வாரா வாரம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். அதே தகட்டில் இன்னொரு ஜோடி மூடி வளைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அவரிடம் கொடுத்திருக்கிறேன். முன்னால் இருக்கிறதில் ஒரு கோடு விரிசல் தெரிந்தாலும், அதன் நுனியில் சின்ன ஓட்டை போட்டு நிறுத்தினால் அன்றைக்கு ஷெட்டுக்குத் திரும்பி வரத்தான் உதவும், அடுத்த தடவை பறப்பதற்கு முன் மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஷெட்டைச் சுத்தம் செய்ய ஒரு பையன் வருகிறான். அவனுக்காக சார் கன்னடத்தில் ஒரு அட்டை எழுதி இறக்கையில் மாட்டியிருக்கிறார். கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர் கூடாது, ஸ்பிரிட் கூடாது, பெட்ரோல் துணி கூடவே கூடாது, காய்ந்த துணியால் தூசி தட்டக் கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் மெத்தென்ற துணி. அட்டைக்குப் பக்கத்திலேயே, விரிசல் விட்ட அந்தப் பாலிகார்பனேட் கீற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.